ஒரு மில்லிமீட்டர் கூடுதல்

என் மனைவியின் தம்பி என்னைவிட நன்றாகப் படம் எடுப்பான் என்று எனக்குத் தெரியவந்தது காரமடைத் தேர் முடிந்த அடுத்த வாரம். அந்தப் படங்களை அவன் எடுத்தது என் கேமராவில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு சாணைக்கல், அப்புறம் நான். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பேன். திங்கள் முதல் சனி வரை இரும்பு, ஞாயிற்றுக்கிழமை கேமரா. டவுன்ஹால் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர், தானே ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும் புதுக் கேமரா வாங்கியபோது, கையால் சுற்றுகிற தன் பழைய ஜப்பான் கேமராவை என்னிடம் தள்ளிவிட்டார். அவருக்கு அது பழசு. என் வீட்டில் அதைவிட உயர்ந்த பொருள் வேறு கிடையாது.

கையால் ஃபோகஸ் பிடிக்கிற லென்ஸில் ஒரு சுகம் உண்டு. கண்ணை வைத்தால் முதலில் எல்லாம் கலங்கலாகத் தெரியும். இடது கை விரல்களால் வளையத்தைச் சுற்றச் சுற்ற, அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு மூக்குத்தியோ, ஆட்டுக் கொம்போ, வேலிமுள்ளோ மெல்ல எழுந்து வரும். கொஞ்சம் தாண்டிவிட்டால் மறுபடி கரைந்துபோகும். திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். லேத்தில் நூலளவு பார்த்துப் பழகிய கைக்குப் பிடித்தமான வேலை அது. அதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஆளும் இல்லை.

மச்சினன் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். என்னைவிட ஏழு வயது சின்னவன், கல்யாணம் ஆகாதவன். பேச்சு குறைவு. எதையும் சித்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அந்த வருஷம் மாசித் தேருக்கு எங்களோடு காரமடை வந்திருந்தான். கூட்டத்தில் நான் இங்கும் அங்கும் ஓடிப் படம் எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவன், தேர் பாதி வீதி வந்ததும் கேட்டான்.

"மச்சான், நானும் ரெண்டு எடுத்துப் பாக்கட்டுங்களா?"

"எடு மாப்ளே. இந்த வளையத்தச் சுத்து. தெளிஞ்சதும் அமுக்கு. அவ்வளவுதான்."

கேமராவைக் கழுத்தில் மாட்டிவிட்டு நான் இளநீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பத்துப் பதினொன்று எடுத்திருந்தான்.

லேபிலிருந்து பிரிண்ட் வந்த அன்று என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பரப்பினாள். பார்த்துப் பார்த்து ஐந்தைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, இதெல்லாம் வெகு நல்லா இருக்குதுங்க."

ஐந்தும் அவன் எடுத்தவை. நான் தேரைச் சக்கரத்திலிருந்து கலசம் வரை ஒரே படத்துக்குள் நேராக நிறுத்தியிருந்தேன். அவன் தேரையே எடுக்கவில்லை. வடத்தைப் பிடித்து இழுக்கும் நான்கு கைகள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் கடித்த பல். அப்பன் தோளில் உட்கார்ந்து தூங்கிவிட்ட ஒரு குழந்தையின் வாய். பார்த்தவுடனே தேர் ஓடுகிற சத்தம் கேட்டது. என் படத்தில் தேர் நின்றுகொண்டிருந்தது.

"நீங்க எடுத்ததுங்களா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

வயிற்றெரிச்சல் என்று நம்மவர்கள் வைத்த பெயர் சரியான பெயர். எரிவது நிஜமாகவே வயிற்றில்தான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அந்த ஐந்து படங்களையும் அவள் சாய்த்து வைத்தாள். நான்கு வருஷமாக நான் எடுத்த படங்கள் ஆல்பத்துக்குள், ஆல்பம் பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எஸ்டேட்டில் ஒரு பழைய மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது வேண்டாததை எல்லாம் ஆபீஸ் ஆட்களுக்குக் கொடுத்தார்களாம். இவனுக்கு ஒரு செத்த கேமராவும் அதில் மாட்டியிருந்த ஒரு ஜெர்மன் லென்ஸும் கிடைத்திருந்தன. கேமராவின் ஷட்டர் துணி கிழிந்து தொங்கியது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய ஃபிளானல் சட்டையைக் கிழித்து அதில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

பிரித்துக் கையில் வாங்கினேன். முழுக்க அலுமினியம். இப்போதைய லென்ஸ்களைப்போல ரப்பர் வளையம் இல்லை. விரல் பிடிக்க ஓரத்தில் வரிவரியாகப் பற்கள் வெட்டியிருந்தார்கள். சுற்றினால் தேன் கரண்டியிலிருந்து இறங்குவதுபோல் ஒரே சீராக நகர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுமினுப்பு. நாற்பது வருஷத்துக்கு முந்தின வேலையாக இருக்கும். கடைசல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கடைந்தவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

"இந்தக் கேமராவுக்கு உசுரு வராதுங்களா?"

"வராது மாப்ளே."

"அதாங்க, உங்க கேமரா மாதிரியே ஒண்ணு, லென்ஸ் இல்லாம, அந்த ஸ்டுடியோக்காரருகிட்ட வாங்கிப்போட்டேன். ஆனா இது அதுல உக்கார மாட்டீங்குது."

உட்காராது. பழைய லென்ஸ் போல்ட்டைப்போல மரையில் திருகி மாட்டுவது. எங்கள் கேமராவோ செருகித் திருப்புகிற வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் வேண்டும். உள்பக்கம் மரை, வெளிப்பக்கம் கேமராவில் செருகிப் பிடிக்க மூன்று காது. கடையில் கிடைக்காது. கடைய வேண்டும்.

"நீங்க செஞ்சு தருவீங்கன்னுதான் மலையெறங்கி வந்தனுங்க," என்றான்.

அவனை வீட்டில் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் பட்டறையைத் திறந்தேன்.

அந்த வளையத்தின் கனம் முக்கியம். லென்ஸின் பின்பக்கத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இவ்வளவுதான் தூரம் என்று ஒன்று உண்டு. அது சரியாக இருந்தால்தான் எட்டத்து மலைவரை தெளியும். ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் பத்துப் பதினோரு அடிக்கு அப்பால் எதுவுமே தெளியாது. கிட்டத்தில் இருப்பது மட்டும் எப்போதும்போல் தெளியும். செத்த கேமராவிலும் என் கேமராவிலும் அளந்து பார்த்தேன். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். வளையத்தின் கனம் இரண்டாக இருக்க வேண்டும்.

பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினேன். மரை போட்டேன். காதுகளை அரத்தால் ராவினேன். முகப்பைச் சீவிச் சீவி நான்கு மில்லியிலிருந்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். அப்போது லென்ஸை வளையத்தில் திருகி என் கேமராவில் வைத்துச் சும்மா ஒரு தடவை பார்த்தேன்.

என் பட்டறையை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. லேத்தின் கைப்பிடி மட்டும் தெளிவாக, எண்ணெய் பளபளக்க நின்றது. அதற்குப் பின்னால் தரையில் கிடந்த இரும்புச் சுருள்கள் எல்லாம் வட்ட வட்டமான வெளிச்சமாக மாறி, அந்தக் கைப்பிடியைச் சுற்றிச் சுழல்வதுபோல் இருந்தன. பதினைந்து வருஷமாக நான் வியர்த்துக் கிடந்த இடம், ஏதோ கோயில் தீபம் மாதிரி தெரிந்தது. இந்த லென்ஸும் அவன் கண்ணும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் அந்த ஐந்து படங்கள் நினைவுக்கு வந்தன.

இன்னும் ஒரு மில்லி சீவ வேண்டும். சீவவில்லை. யாரும் தூண்டவில்லை, கோபத்தில் செய்யவும் இல்லை. வளையத்தை லென்ஸிலிருந்து கழற்றிப் பிசிறு எடுத்தேன். எமரித் தாள் போட்டு மினுங்கத் தேய்த்தேன். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வீட்டில் மாட்டிக் காட்டியதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சமையலறை வாசலில் நின்று, அடுப்பு முன்னால் இருந்த அக்காவைப் பார்த்து வளையத்தைச் சுற்றினான்.

"அக்கா, உன்ற கண்ணு இமை முடிகூடத் தனித்தனியாத் தெரீதக்கா!"

"கேமராவ அக்கட்டால வையிடா, தலைகூடச் சீவல," என்று அவள் சிரித்தாள். அவன் அமுக்கினான்.

எங்கள் வீட்டில் பதினோரு அடிக்கு மேல் நீளமான அறை கிடையாது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, "மறக்க மாட்டனுங்க மச்சான்," என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினான்.

மறுநாள் மத்தியானம் பட்டறைக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் வந்தது. வால்பாறையிலிருந்து பூத்தில் பேசினான்.

"மச்சான், கொண்டை ஊசி வளைவுல பஸ் நின்னப்ப டேமைப் பாத்தனுங்க. தெளியவே மாட்டீங்குது. வளையத்தக் கடைசிவரைக்கும் சுத்திப்போட்டேன். மலை, மரம் எல்லாம் பஞ்சாட்ட இருக்குதுங்க."

எனக்குப் பதில் தயாராக இருந்தது. முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

"பழைய லென்ஸ் மாப்ளே. உள்ள கண்ணாடி எங்கியாச்சும் நகந்திருக்கும். கிட்டக்க மட்டும்தான் எடுக்கும்போல."

"ஓ... செரீங்க மச்சான். கெடைச்சது போதும். நீங்க இவ்வளவு மெனக்கெட்டதே பெருசு."

போனை வைத்துவிட்டு வந்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். அன்று வந்தது நிம்மதிதான். நல்ல பசியோடு சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி தை மாதம்வரை இருந்தது. பொங்கலுக்கு வந்தவன் ஒரு கவரைக் கொண்டுவந்தான். கூடத்தில் உட்கார்ந்து என் மனைவியும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எல்லாமே கிட்டத்தில் எடுத்தவை. கொழுந்து பறித்துக் கறுத்துப்போன ஒரு பெருவிரல். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில், மூக்கு ஒழுக ஒரு பெண்குழந்தை கையில் பிடித்திருந்த ஆரஞ்சு மிட்டாய். பனி கோத்த சிலந்தி வலை. பஸ் டிரைவர் ஒருவர் மஃப்ளருக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டுகிறார். அந்தக் கண்ணில் மலைப்பாதையின் நாற்பது வளைவின் களைப்பும் இருந்தது. பின்னால் இருந்த தேயிலைக்காடெல்லாம் உருகிப் பச்சைச் சுழலாகச் சுற்றியது. அவ்வளவு நல்ல படங்களை அதற்குமுன் நான் யார் கையிலும் பார்த்ததில்லை.

கடைசிப் படம் என் மனைவி. சமையலறை வாசலில் எடுத்தானே, அது. தலை கலைந்திருந்தது, கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. சிரிப்பு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை; வருகிற வழியில் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த முகத்தை எத்தனை ரோல் எடுத்திருப்பேன்! எல்லாவற்றிலும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் நிற்பாள். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. கூடப் பிறந்தவன்தான், என்றாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "நான் இப்புடியா இருக்கறேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். அடுத்த வாரம் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். லேப்காரர் இன்னொரு பிரதி போட்டுத் தன் கடைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். நான் ஃபிலிம் கழுவக் கொடுக்கப் போகும்போதெல்லாம், "உங்க மச்சினன் புதுசா ஏதாச்சும் அனுப்பிச்சாருங்களா?" என்று கேட்டார். என் ரோலைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார்.

நானும் கிட்டத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ரோல் முழுக்க என் மனைவி முகம். அவள் கீரை ஆய்கையில், துணி மடிக்கையில், கேமராவை வைத்துக்கொண்டு நடந்தேன்.

"என்னுங்க இப்புடி மொறைச்சு மொறைச்சுப் பாக்கறீங்க? பயமா இருக்குதுங்க," என்றாள்.

பயந்த முகம் முப்பத்தாறு கிடைத்தது.

ஒருமுறை அவனிடமே வாய்விட்டுக் கேட்டேன். "மாப்ளே, அந்த லென்ஸு தூரத்துக்கு ஆகலையில்ல, எனக்குக் குடுத்துப்போட்டு என்னுத எடுத்துக்கறயா?"

சித்த நேரம் யோசித்தான். "தப்பா நெனைச்சுக்காதீங்க மச்சான். இது கைக்குப் பழகிப்போச்சுங்க."

கெடுத்து வைத்த பொருளையும் அவன் எனக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் இரண்டு மாதம் நான் கேமராவையே தொடவில்லை.

ஆடி மாதம் போன் வந்தது. பேசியது அவன் ஆபீஸ் ஆள். கீழே விழுந்து கை முறிந்துவிட்டது, ஜீப்பில் கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். நானும் அவளும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, முகமெல்லாம் தேயிலைக்குச்சி கீறிய கோடுகளோடு கட்டிலில் கிடந்தான். எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலீங்க மச்சான். லென்ஸ் ஓரம் மட்டும் கொஞ்சம் நசுங்கிப்போச்சு."

"எப்புடிடா கண்ணு விழுந்த?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஆனை, அக்கா. காலைல ஆபீசுக்கு நடந்து போறன், காட்டோரம் ஆறு ஆனை நிக்குது. ஒண்ணு குட்டி. அம்மாக்காரி காலுக்கு நடுவுல பூந்து பூந்து வெளையாடுது. கேமராவ எடுத்துப் பாக்கறேன், எல்லாம் புகையாட்ட இருக்குது. செரி, இன்னுங்கொஞ்சம் கிட்டக்கப் போனாத் தெளியும்னு நாலடி போனேன். தெளியல. இன்னும் நாலடி. கண்ணுல கேமராவ வெச்சுட்டே போனேனா, எவ்வளவு கிட்டக்கப் போனேன்னே தெரியல. அம்மாக்காரி திரும்பிட்டா."

கேமராவைக் கையால் அணைத்துக்கொண்டு, தேயிலைச் சரிவில் குதித்திருக்கிறான். யானை நான்கு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டதாம்.

"என்ற தப்புதானுங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "கிட்டக்க மட்டும்தான் எடுக்கும்னு நீங்க சொல்லித்தான இருந்தீங்க. ஆசை கேக்கல."

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஆறு வாரம் கட்டு. அதுவரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவள் அவனுக்குச் சாதம் பிசைந்து ஊட்டினாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அதையும் பார்த்து எனக்கு எரிந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போனவள்தானே என்று தோன்றியது. குற்றம் உறுத்தினால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன.

மூன்றாம் வாரம் அவன் இடது கையால் கேமராவைத் தூக்கிப் பழகினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்காலில் கேமராவை முட்டுக்கொடுத்து, எதிர்வீட்டுக் கூரைமேல் நின்ற மயிலைப் பார்த்து வளையத்தைச் சுற்றினான். கடைசிவரை சுற்றினான். பிறகு இறக்கி வைத்தான். அவன் நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டதைப் பார்த்தபோதுதான் என்னால் முடியவில்லை.

"லென்ஸக் குடு மாப்ளே. நசுங்குன எடத்த நிமித்திக் கொண்டாரேன்," என்று வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஓரத்தை நிமிர்த்தினேன். வளையத்தை லேத்தில் மாட்டி அந்த ஒரு மில்லிமீட்டரைச் சீவினேன். ஐந்து நிமிஷ வேலை. என் கேமராவில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருக்கோடி தாண்டி, மில் புகைக்குழாய் தாண்டி, மேற்கே மருதமலை மரம் மரமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் என்ன சொல்வதென்று யோசித்தேன். உள்ளே கண்ணாடியைச் சரி பண்ணினேன் என்று சொல்லலாம். நன்றி வேறு சொல்லுவான். அதைக் கேட்க முடியும் என்று தோன்றவில்லை.

அவன் ஜன்னலில் வைத்துப் பார்த்தான்.

"மச்சான்! தெளியுதுங்க! என்ன பண்ணுனீங்க?"

"வளையத்துல ஒரு மில்லி கூட இருந்துச்சு. சீவுனேன்."

"அளவு தப்பிப்போச்சுங்களா?"

"தப்பல. தெரிஞ்சுதான் வெச்சேன்."

கேமராவை மடியில் இறக்கினான். வழக்கம்போல் சித்த நேரம் என்னை உற்றுப் பார்த்தான்.

"ஏனுங்க?"

"உன்ற படத்தப் பாத்துப் பொறுக்கல."

அவன் கத்தியிருந்தால் தேவலை. எழுந்தான், ஒற்றைக் கையால் பையில் சட்டைகளை எடுத்து வைத்தான். கடைத்தெருவிலிருந்து அக்கா வரும்வரை வாசலில் நின்றான். "வாரேன் அக்கா," என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நின்றுகொண்டே கேட்டாள்.

"என்ற தம்பி செத்துருந்தான்னா?"

சொல்லக்கூடாததைச் சொன்னேன்: "ஆனா அதனாலதான் அவன் கிட்டக்க எடுத்துப் பழகுனான். அந்த மில்லி இல்லாட்டி அந்தப் படமெல்லாம் வந்துருக்காது."

"காரமடைல எடுத்தது எந்த வளையத்துலீங்க?" என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. பதினெட்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், போய்விடுவாள். கூடத்தில் சட்டத்துக்குள் அவள் சிரிக்கத் தொடங்கிக்கொண்டே இருந்தாள். சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பேச ஆரம்பித்த பிறகும் அவன் பெயரை என் முன்னால் எடுக்கமாட்டாள். அவனைப் பார்க்க வேண்டுமென்றால் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவன் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பெண் எடுத்திருந்தான்.

"வந்துருங்க மச்சான். இணைச்சீருக்கு அக்கா வேணும். அக்காவோட நீங்களும் வேணும்."

"மாப்ளே, நான் செஞ்சது..."

"மறக்கலீங்க," என்றான். "மறக்கவும் மாட்டேன். ஆனா எனக்கு வேற மச்சான் இல்லீங்களே."

எங்கள் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கு இணைச்சீர்ச் சடங்கு செய்வது கூடப்பிறந்தவள்தான். அவள் தம்பி பக்கத்தில் பட்டுச் சேலையில் நின்றபோது நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்று பார்த்தேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அன்று யாருடைய முகத்தையும் ஃபோகஸ் பிடிக்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மாமனார் வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "கேமராவ எடுத்துட்டு வாங்க மச்சான்," என்று அவனே சொல்லியனுப்பியிருந்தான். சாப்பாடு முடிந்து இருவரும் தறிக்குடோனுக்குள் போனோம். பேசினால் காது கேட்காத சத்தம். பஞ்சுத்தூசு வெளிச்சத்தில் மிதந்தது. நடுத்தர வயது அம்மணி ஒருவர் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையசைத்துச் சம்மதம் சொன்னதும் நான் இந்தப் பக்கம் நின்றேன், அவன் அந்தப் பக்கம் நின்றான். ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஒரே ரகக் கேமரா. நான் என் லென்ஸில் அவர் விரலைத் தெளியவைத்துக் காத்திருந்து எடுத்தேன். வளையத்தைச் சுற்றுகிற அந்தப் பழைய சந்தோஷம் வெகுநாள் கழித்து விரலுக்குத் திரும்பியிருந்தது. அவனும் எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் கோயமுத்தூர் வந்திருந்தான். லேபில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று பிரிண்டைப் பிரித்தோம். என் படத்தில் அந்த அம்மணி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் படத்தில், முடிச்சு விழுந்த அந்த நொடியில், உதட்டைக் கடித்திருந்த பல் மெல்ல விலகியிருந்தது. இழை கிடைத்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எரிந்தது. எப்போதும் எரிகிற அதே இடத்தில் எரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்தேன்.

"உன்னுது நல்லா இருக்குது மாப்ளே. என்னுத விட வெகு நல்லா இருக்குது."

"ஆமாங்க மச்சான், நல்லாத்தான் வந்துருக்குது," என்றான். பிறகு என் படத்தைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்தான்.

"உங்களுதுல ஃபோகஸ் சுத்தமா இருக்குதுங்க."

மரியாதை தெரிந்த பையன். வீடு வந்து சேரும்வரை அந்தச் 'சுத்தமா' என்ற வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே வந்தது.